அடகுக் கடைக்கு நிரல் எழுதும்போது கல்லாவுக்கு அந்தப் பக்கமும் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவருக்கு உள்ளூரிலேயே கேட்டு வரும் வேலைகள் உண்டு. அடகுக் கடைக்கு வட்டிக் கணக்கு, கானாடுகாத்தானில் விருந்தினரைத் தங்கவைக்கும் பழைய வீட்டுக்கு அறைப் பதிவு, கோயிலுக்குப் புள்ளிக் கணக்கு, அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் பட்டியல். சின்ன வேலைதானே என்று இரண்டு வாரத்தில் முடித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் நிரல் எழுதுகிறவர் தன்னை அறியாமல் சில தீர்ப்புகளை எழுதிவிடுகிறார். அடகு வைத்த நகையை ஒரு நாள் தள்ளித் திருப்பினால் ஒரு மாத வட்டியா, ஒரு நாள் வட்டியா? முதலாளி வாய் திறந்து சொல்லவில்லை என்றால் அதை முடிவு செய்தது நீங்கள்தான்.

இந்த வழிகாட்டி அடகுக் கடையையே முக்கியமாக எடுத்துக்கொள்கிறது. தப்பு உடனே ரூபாயாகத் தெரியும் இடம் அது. பொறுப்பு என்பது இங்கே ஒரு வேலை முறை: கேட்பது, எழுதி வைப்பது, கையால் கணக்குப் போட்டுப் பார்ப்பது.

முதல் நாள்: ஒரு தாள்

நிரலைத் தொடும் முன் ஒரு வெள்ளைத் தாளில் மென்பொருள் செய்யப்போகும் காரியங்களை வரிசையாக எழுதுங்கள். அடகு பிடிப்பது, வட்டி வரவு, அசலில் ஒரு பகுதி கட்டுவது, மறு அடகு, திருப்புவது, கெடு அறிவிப்பு, ஏலம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பதில் வேண்டும். இது தப்பாகப் போனால் நட்டம் யாருக்கு? அவருக்கு அது எப்போது தெரியவரும்? தெரிந்தபின் அவர் எதைக் காட்டிக் கேட்பார்?

முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் நகை வைத்தவர்தான். உங்களுக்குக் கூலி கொடுப்பவர் அவர் இல்லை, திரையைப் பார்க்கிறவரும் அவர் இல்லை. மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் அந்த இடத்தில் அச்சிட்ட சீட்டு ஒன்று வர வேண்டும் என்று பொருள். பகுதி அசல் கட்டும் இடத்தில்தான் இது அதிகம் விட்டுப்போகிறது. பணம் வாங்கிக்கொண்டு திரையில் மட்டும் வரவு வைத்தால், நாளைக்கு 'நான் ஐயாயிரம் கட்டினேனே' என்கிறவர் கையில் எதுவும் இருக்காது.

இந்தத் தாள் ஏன் வேண்டும் என்பதற்கு பிரிட்டன் அஞ்சல் துறையில் நடந்ததைவிடக் கசப்பான சாட்சி கிடையாது. 1999-இலிருந்து அங்கே ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் கிளை அஞ்சலகங்களில் வைக்கப்பட்டது. மென்பொருள் காட்டிய இருப்புக்கும் கையில் இருந்த பணத்துக்கும் துண்டு விழுந்தது. குறைந்த தொகையைக் கிளை நடத்தியவர்களே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிறை சென்றவர்களும் உண்டு. கணினி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்று அந்நாட்டு நீதிமன்றம் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2019 டிசம்பர் ஆயிற்று. தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆரம்பத்திலேயே யாராவது 'துண்டு விழுந்தால் கிளைக்காரர் எதைக் காட்டி வாதாடுவார்?' என்று கேட்டிருந்தால் போதும். அந்த மூன்றாவது கேள்வி அதுதான்.

வட்டி: மாகாணி வரும், மா வராது

செட்டிநாட்டில் கணக்குப் படித்த பழைய தலைமுறைக்கு எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாடு மனப்பாடம். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. கணினிக்கு இரண்டின் அடுக்குகள்தான் சுத்தமாகத் தெரியும். அரை, கால், அரைக்கால், மாகாணி (பதினாறில் ஒன்று) எல்லாம் பிசகாமல் நிற்கும். மாவும் காணியும் முந்திரியும் நிற்காது, ஏனென்றால் அவற்றுக்குள் ஐந்து ஒளிந்திருக்கிறது. கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனுக்குத் தெரிந்த பின்னம், கணினி தசமங்களை வைக்கும் மிதவைப் புள்ளி எண்ணுக்குத் தெரியாது! 0.1-உடன் 0.2-ஐக் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வருவது இதனால்தான்.

ஆகவே பணத்தை முழு எண்ணாகப் பைசாவில் வையுங்கள். எடையை மில்லிகிராமில் வையுங்கள். ஒரு பவுன் 8,000 மில்லிகிராம். வட்டி விகிதத்தைப் பத்தாயிரத்தில் இத்தனை என்று முழு எண்ணாக வைக்கலாம். பெருக்கலை முதலில் செய்து, வகுத்தலைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்யுங்கள்.

முழு ரூபாயாக்குவதில் இன்னொரு பொறி. பைத்தானில் 460.5-ஐ முழுமையாக்கினால் 460, ஜாவாஸ்கிரிப்டில் 461. பைத்தான் இரட்டைப்படைப் பக்கம் சாயும், ஜாவாஸ்கிரிப்ட் மேலே ஏறும். திரையில் ஒன்றும் சர்வரில் இன்னொன்றும் கணக்குப் போட்டால் சீட்டுக்கும் பேரேட்டுக்கும் ஒரு ரூபாய் இடிக்கும். ஒரு ரூபாய்தானே என்று விடக் கூடாது. தினமும் ஒரு ரூபாய் இடிக்கிற கல்லாவில் நூறு ரூபாய் காணாமல் போனாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரே இடத்தில் கணக்கிடுங்கள். மற்ற இடமெல்லாம் அதை வாங்கிக் காட்டட்டும்.

இப்போது பெரிய கேள்வி. 40,000 ரூபாய், மாதம் 1 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 1-இல் வைத்த நகையை செப்டம்பர் 5-இல் திருப்புகிறார்கள், 35 நாள். நாள் கணக்கென்றால் 460 ரூபாய் 27 பைசா. பதினைந்து நாளுக்குள் அரை மாதம் என்றால் 600. தொடங்கிய மாதம் முழு மாதம் என்றால் 800. மூன்றும் கணக்கு வகையில் சரி. எது இந்தக் கடையின் வழக்கம் என்று முதலாளியிடம் கேட்டு, அவர் சொன்னதை ஒரு வரியாக எழுதி, அவர் கையெழுத்தை வாங்கி, அதே வரியை அடகுச் சீட்டில் தமிழில் அச்சிடுங்கள். 'தொடங்கிய மாதத்துக்கு முழு வட்டி' என்று சீட்டில் போடத் தயங்குகிற முதலாளி அந்த விதியை நிரலில் மட்டும் போடச் சொன்னால், பேச வேண்டிய இடம் அது.

தேதியும் ஏமாற்றும். ஜனவரி 31-இல் வைத்ததற்கு ஒரு மாதம் எப்போது முடிகிறது? ஜாவாஸ்கிரிப்டில் மாதத்தை ஒன்று கூட்டினால் சாதாரண ஆண்டில் மார்ச் 3-க்குப் போய்விடும். வேறு சில நூலகங்கள் பிப்ரவரி 28-இல் நிற்கும். அதுபோல, தேதியை நேரத்தோடு சேர்த்து உலகப் பொது நேரத்தில் சேமித்தால், ஆகஸ்ட் 1 நள்ளிரவு ஜூலை 31 மாலை 6.30 என்று உட்காரும். அதிலிருந்து தேதியை மட்டும் எடுத்தால் ஒரு நாள் வட்டி கூடலாம். மாத வட்டிக் கடையில் அந்த ஒரு நாள் ஒரு மாதமாகலாம். தேதிக்குத் தேதி வகையையே பயன்படுத்துங்கள், நேரத்தைத் தனியாக வையுங்கள்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உரிமம் பெற்ற தனியார் அடகுக் கடைக்கு 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகு பிடிப்போர் சட்டம். அதோடு 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டமும் உண்டு. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் கொடுத்த நெறிமுறை. அதன்படி சொந்தச் செலவுக்கு வாங்கும் இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 தரலாம். வருமான வரி அடுக்கு மாதிரி இதைப் பிரித்துப் பிரித்துக் கூட்டக் கூடாது. மொத்தக் கடனுக்கும் ஒரே விகிதம். 2,50,000 ரூபாய்க்கும் 2,50,001 ரூபாய்க்கும் தனித்தனியாகச் சோதனை எழுதுங்கள். கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனென்றால் வட்டியும் சேர்ந்த தொகைக்குத்தான் இந்த வரம்பு. முழுவதும் கட்டியபின் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்பவில்லை என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு. ஆகவே 'கட்டி முடித்த தேதி'யும் 'நகை கொடுத்த தேதி'யும் இரண்டு தனிப் புலங்கள் (பதியும் கட்டங்கள்). ஒன்றாக்கிவிட்டால் அந்த உரிமையே கணக்கில் இல்லாமல் போகும்.

சட்டமோ நெறிமுறையோ வைக்கும் உச்ச விகிதத்தை நிரலுக்குள் எண்ணாகப் புதைக்காமல், 'எந்தத் தேதியிலிருந்து, எந்த ஆணைப்படி' என்ற குறிப்போடு அமைப்பில் வையுங்கள். அதற்கு மேல் தட்டினால் மென்பொருள் மறுக்கட்டும்.

அழித்தெழுதாத ஏடு

பர்மாவிலும் மலேயாவிலும் கடையை ஏஜெண்டிடம் விட்டுவிட்டு முதலாளி செட்டிநாட்டில் இருந்த காலத்தில், கடையின் நிலவரம் அவருக்குத் தெரிந்தது கணக்கு வழியாகத்தான். நேரில் பார்க்க முடியாதவனுக்கு எழுத்துதான் கண். பேரேட்டில் ஒரு வரி தவறினால் அதைச் சுரண்டி அழிக்காமல், கீழே எதிர்ப் பதிவு போடுவார்கள். சுரண்டினால் ஏடே சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

மென்பொருளில் இதையே செய்யுங்கள். பணம் தொடர்பான அட்டவணையில் திருத்தமும் நீக்கலும் கூடாது. தரவுத்தளப் பயனருக்கே அந்த உரிமையைத் தராதீர்கள். சேர்க்கவும் படிக்கவும் மட்டும் கொடுங்கள். தவறு என்றால் எதிர்ப் பதிவு, காரணம், செய்தவர் பெயர், நேரம். 'காரணம்' புலத்தில் ஒரு புள்ளியை வைத்துத் தப்பிக்க முடியாதபடி குறைந்தது பத்து எழுத்தாவது கேளுங்கள்.

பிறகு உங்கள் சொந்தக் கை. தொலைவிலிருந்து கடைத் தரவுக்குள் நுழையும் வழி உங்களிடம் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஹொரைசன் வழக்கில் பெரிதாக வெடித்தது இதுதான்: கிளைக்காரருக்குத் தெரியாமல் மென்பொருள் நிறுவனத்தாரால் கிளைக் கணக்கில் கைவைக்க முடியும் என்பது நெடுங்காலம் மறுக்கப்பட்டு, பின்பு உண்மை என்று தெரிந்தது. உங்கள் நுழைவுக்குத் தனிப் பயனர் பெயர் வையுங்கள். நீங்கள் உள்ளே வந்த ஒவ்வொரு முறையும் முதலாளியின் திரையில் தெரியட்டும். கடைப் பையனின் கடவுச்சொல்லால் உள்ளே போய் 'சின்னத் திருத்தம்' செய்யும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள். நாளைக்குப் பணம் குறைந்தால் அந்தப் பையன் மேல்தான் விழும்.

எந்த மெய்யப்பன்?

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் ஊர் இது. சொக்கலிங்கம் மகன் மெய்யப்பன், அவர் மகன் சொக்கலிங்கம், அவர் மகன் மெய்யப்பன். தாத்தாவும் பேரனும் இருவருமே சொ. மெய்யப்பன், ஒரே வீட்டு முகவரி. பெயரும் முகவரியும் ஒத்தால் ஒரே ஆள் என்று சேர்த்துவிடும் நிரல் இங்கே ஒருவர் நகையை இன்னொருவர் கணக்கில் ஏற்றிவிடும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைப்பதும் வேண்டாம். விலாசம் என்று சொல்லும் தலைப்பெழுத்து நான்கைந்து வரை நீளுகிறவர்கள் உண்டு. முழுப் பெயருக்கு ஒரே பெட்டி, தலைப்பெழுத்துக்கு நீள வரம்பில்லாத ஒரு பெட்டி, அடையாளத்துக்கு நீங்கள் கொடுக்கும் எண்.

தமிழ் எழுத்திலும் கவனம். 'கோ' என்பது ஒற்றைக் குறியாகவும் சேமிக்கப்படலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலில் இரண்டு. சேமிக்கும் முன், எழுத்துகளை ஒரே மாதிரி சேர்த்து வைக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். 'ஸ்ரீ' மட்டும் தீராது. ஸ-வில் தொடங்கும் ஒன்று, ஶ-வில் தொடங்கும் ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கும் வரியை நீங்களே எழுத வேண்டும். இதை நெறிமுறைப் பிரச்சினை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெயர் தேடலில் வராததால் 'உங்க நகை இங்க இல்லம்மா' என்று திருப்பி அனுப்பப்படும் ஆத்தாளிடம் கேட்டுப் பாருங்கள்.

யாருடைய போன் எண்?

நகை வைக்க வருகிறவர்களில் பெண்கள் நிறைய. அவர்கள் கொடுக்கும் எண் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கலாம். 'உங்கள் 3 பவுன் சங்கிலிக்கு வட்டி பாக்கி' என்று எஸ்.எம்.எஸ். போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நிரல் எழுதுகிறவர் யோசிக்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் 'இது யாருடையது, செய்தி அனுப்பலாமா' என்று இரண்டு புலம் போதும். செய்தியில் நகையும் தொகையும் வேண்டாம். சீட்டு எண்ணும் கடைசித் தேதியும் இருந்தால் சரி. அதற்காக அறிவிப்பையே விட்டுவிடவும் கூடாது. அறிவிப்பு போகாமல் நகை மூழ்கிப்போனால் அது இன்னும் பெரிய அநியாயம். எஸ்.எம்.எஸ். வேண்டாம் என்றவருக்குத் தபால் போக வேண்டும் என்று மென்பொருள் நினைவூட்டட்டும்.

ஆதார் நகலை முழுதாக ஸ்கேன் செய்து கோப்புறையில் போட்டுவைக்கும் பழக்கம் பரவலானது. முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதார் நகலை ஆதார் ஆணையமே தருகிறது, அதை வாங்குங்கள். எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். பொறுப்பு முதலில் கடைக்காரர் மேல்தான் வருகிறது என்பதை அவருக்குப் புரியும்படி சொல்வது உங்கள் வேலை. தரவு எடுக்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்கும் உரிமையும் இதே சட்டத்தில் இருக்கிறது.

புள்ளிக் கணக்குக்கு இரண்டே வார்த்தை. யார் புள்ளி, யார் இல்லை என்பது கோயில் காரியக்காரர்கள் தீர்மானிக்க வேண்டியது. தேர்வுப் பட்டியலில் நீங்கள் சேர்க்காமல் விட்ட ஒரு வாய்ப்பு ஒரு குடும்பத்தையே பட்டியலுக்கு வெளியே தள்ளலாம். விதியை அவர்களிடம் எழுதி வாங்குங்கள். பெண்களின் வயது, போன் எண் எல்லாம் வாட்ஸாப்பில் சுற்றும் எக்செல் கோப்பாக வெளியே எடுக்கும் பொத்தானை வைக்காதீர்கள்.

முதலாளி 'இதையும் சேர்த்துடுங்க தம்பி' என்றால்

தராசுக்கு முத்திரை வைக்கும் அதிகாரி வரும்போது மட்டும் தராசு சரியாகக் காட்டட்டும் என்று யாராவது கேட்டால் உடனே முகம் சுளிப்போம். ஃபோக்ஸ்வாகன் பொறியாளர்கள் எழுதியது அதைத்தான். திசைமாற்றிச் சக்கரம் திரும்பாமல் வண்டி ஓடினால் இது ஆய்வகச் சோதனை என்று மென்பொருள் புரிந்துகொண்டு புகையைக் குறைத்தது. சாலையில் நைட்ரஜன் ஆக்ஸைடு வரம்பைப் போல் 40 மடங்கு வரை போனது. 2015 செப்டம்பரில் வெளிவந்தபோது உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகளில் அது இருந்தது. 2017-இல் ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளருக்கு அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை கொடுத்தது. மேலிடம் சொல்லித்தான் செய்தேன் என்பது சிறையைத் தடுக்கவில்லை.

உள்ளூரில் கேட்பு இத்தனை பெரிதாக வராது. 'இரண்டாவது கணக்குக்கு ஒரு தனிப் பொத்தான்', 'நகையில் கல்லுக்காகக் கழிக்கும் எடையைத் தானாகவே கொஞ்சம் கூட்டிப் போடட்டும்', 'கெடு அறிவிப்பு அனுப்பியதாகப் பதிவு மட்டும் விழட்டும்' என்று டீ குடிக்கும்போது வரும். அப்போதே வாக்குவாதம் வேண்டாம். 'அண்ணே, இதை வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டுவிடுங்க, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். பாதிப் பேர் எழுதவே மாட்டார்கள், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். எழுதினால், எந்த விதி இடிக்கிறது, பிடிபட்டால் அவருக்கு என்ன ஆகும், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று மூன்று வரியில் எழுத்தில் பதில் அனுப்புங்கள். பதில் வழி இல்லாத மறுப்பு எடுபடாது. கல் கழிவைக் கூட்டக் கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது மதிப்பீட்டில் ஒரு பாதுகாப்பு இடைவெளி. எடையைத் தொடாமல் கடன் விகிதத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அது சீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் விடாப்பிடி என்றால் அந்தப் பகுதியை எழுத மாட்டேன் என்று சொல்லி, முடித்த வேலைக்குப் பில் போட்டு விலகுங்கள். இதற்காகவே தொடக்க ஒப்பந்தத்தில் கட்டம் கட்டமாகப் பணம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கூலி முழுவதும் கடைசியில்தான் என்றால் மறுக்கும் துணிவு யாருக்கும் வராது.

அறைப் பதிவுத் தளங்களில் 'ஒரே ஒரு அறைதான் பாக்கி' என்று பொய்யாகக் காட்டச் சொல்வது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தைச் சொருகச் சொல்வது எல்லாம் இந்த வகையே. 2023 நவம்பர் 30-இல் மத்திய அரசு பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவங்களில் இவை இரண்டும் இருக்கின்றன. பட்டியலைக் காட்டினால் வாதமே வேண்டாம்.

இயந்திரம் எழுதிக் கொடுத்த நிரல்

செயற்கை நுண்ணறிவிடம் 'அடகு வட்டி கணக்கிடு' என்றால் அரை நிமிடத்தில் அழகாக எழுதித் தரும். மேலே சொன்ன மூன்று வழக்கத்தில் எதை எடுத்தது என்று சொல்லாது. எடுத்ததில் சந்தேகமும் காட்டாது. வாங்கியவுடன் ஓட்டிப் பார்ப்பதற்கு முன், விடையை முதலில் நீங்கள் கையால் போட்டு வையுங்கள். ஓட்டிய பிறகு போட்டால் மனம் திரையில் வந்த எண்ணுக்கே இழுக்கும். அது சொல்லும் நூலகப் பெயர் உண்மையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாத பெயரைச் சொல்வதும், அதே பெயரில் யாரோ தீய நிரலைப் பதிந்து காத்திருப்பதும் நடக்கிறது.

ஒப்படைக்கும் முன் பழைய பேரேட்டிலிருந்து முடிந்துபோன இருபது சீட்டுகளை எடுங்கள். அதில் ஜனவரி 31-ஐச் சேர்ந்தது ஒன்று, பகுதி அசல் கட்டியது இரண்டு, மறு அடகு ஒன்று, மூழ்கியது ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கடைக் கணக்குப்பிள்ளை காகிதத்தில் போடட்டும், மென்பொருளும் போடட்டும். மூன்று பைசா வித்தியாசம் வந்தாலும் காரணம் கிடைக்கும் வரை பழைய ஏட்டை மூடச் சொல்லாதீர்கள். இரண்டும் ஒரு மாதம் சேர்ந்தே ஓடட்டும். மாதக் கடைசியில் ஐந்தொகை (இருப்பு நிலைக் கணக்கு) இரண்டிலும் ஒன்றாக நின்றால் கடைசித் தவணைக்குப் பில் கொடுக்கலாம்.